பழைய போர்ஷே கயென் வாங்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினைந்து வருஷம் ஓடிய போர்ஷே கயென் இப்போது பல நேரம் ஒரு புது கிரெட்டாவின் விலைக்குள் வந்துவிடுகிறது. விளம்பரத்தைப் பார்த்துவிட்டு ராத்திரி பதினொரு மணிக்குப் படம் அனுப்பி, "எடுக்கலாமா?" என்று கேட்பவர்கள் எனக்கு நிறையப் பேர். ஒவ்வொருவருக்கும் அதையே திரும்பத் திரும்பச் சொல்வதற்குப் பதிலாக, வந்த கேள்விகளை ஒன்றாகச் சேர்த்து எழுதிவிட்டேன். பெரும்பாலும் முதல் தலைமுறை வண்டி பற்றித்தான். இரண்டாம் தலைமுறை வரும் இடங்களில் சொல்லிவிடுகிறேன்.

955, 957, 958 என்கிறார்களே, அது என்ன கணக்கு?

கயென் முதலில் காட்டப்பட்டது 2002 பாரிஸ் மோட்டார் ஷோவில். அன்று தொடங்கி 2006 வரை வந்ததை 955 என்பார்கள். 2007இல் முகம் மாறி, இன்ஜின் மாறி 2010 வரை வந்தது 957. அதற்குப் பிறகு 2017 வரை வந்தது இரண்டாம் தலைமுறை, 958.

எண்ணைத் தெரிந்துகொள்வது ஒன்றும் பந்தாவுக்காக இல்லை. ஒவ்வொரு எண்ணுக்கும் வியாதி வேறு. 955இல் 4.5 லிட்டர் வி8 (எஸ் என்றால் 340 குதிரைத்திறன், டர்போ என்றால் 450), கூடவே 3.2 லிட்டர் வி6. 957இல் நேரடியாக சிலிண்டருக்குள் பெட்ரோல் பீய்ச்சும் 4.8 வி8, 3.6 வி6, கடைசியில் 2009இல் 3.0 டீசல். விளம்பரத்தில் "2007 மாடல்" என்று மட்டும் இருந்தால் எந்த இன்ஜின் என்று கேளுங்கள். அந்த வருஷம் பதிவான வண்டி இரண்டு பக்கமும் இருக்கலாம்.

ஃபோக்ஸ்வேகன் டூவாரெக்கும் இதுவும் ஒன்றேதானா?

அடித்தளம் ஒன்று. ஆடி க்யூ7உம் அதே குடும்பம். கயெனின் பாடி ஸ்லோவாக்கியாவின் பிராட்டிஸ்லாவாவில் தயாராகி, ஜெர்மனியின் லைப்சிக்கில் வண்டியாகச் சேர்ந்தது. வி8 மட்டும் போர்ஷேயின் சொந்தச் சரக்கு. வாங்குகிறவருக்கு இதில் லாபம் உண்டு. கதவுப் பூட்டு, சஸ்பென்ஷன் கம்ப்ரஸர், சென்சர் என்று பல சாமான்கள் ஃபோக்ஸ்வேகன் பார்ட் நம்பரில் கிடைக்கும். பெட்டியில் போர்ஷே என்று அச்சடித்திருப்பதற்காகத் தனியாகக் காசு கொடுக்க வேண்டாம்.

வி8 வண்டியில் எல்லோரும் பயமுறுத்தும் அந்த கூலன்ட் பைப் விவகாரம் என்ன?

கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். 955 வாங்குவதில் பாதி விஷயம் இதற்குள் அடங்கிவிடும்.

வி8 இன்ஜினில் நாலு சிலிண்டர் இந்தப் பக்கம், நாலு அந்தப் பக்கம். நடுவே ஒரு பள்ளத்தாக்கு மாதிரி இடம். அதன் மேல், சிலிண்டர்களுக்குக் காற்றைப் பிரித்துக் கொடுக்கும் இன்டேக் மேனிஃபோல்டு மூடிபோல உட்கார்ந்திருக்கும். முன்னாலிருந்து பின்னால் கூலன்ட் கொண்டுபோகும் குழாய்களை அந்தப் பள்ளத்தில் ஓடவிட்டார்கள். சரி, அதுவரை தப்பில்லை. அந்தக் குழாய்களைப் பிளாஸ்டிக்கில் செய்ததுதான் வினை. வண்டியிலேயே அதிகம் வேகும் இடங்களில் ஒன்று அது, காற்றும் போகாது. வருஷக்கணக்கில் வெந்த பிளாஸ்டிக், வெயிலில் கிடந்த பழைய வாளி மாதிரி ஆகிவிடும். விரலால் அழுத்தினாலே பொரிந்துவிடும். ஒரு நாள் அழுத்தம் ஏறும்போது வெடிப்பு விடும், இல்லையென்றால் முனை பிட்டுக்கொள்ளும்.

அப்புறம் நடப்பது இது. கூலன்ட் பள்ளத்தில் நிரம்பி, பின்பக்கம் வழிந்து, இன்ஜினும் கியர்பாக்ஸும் சேரும் இடத்தில் சொட்டும். வண்டிக்கு அடியில் குனிந்து பார்க்கும் மெக்கானிக் கியர்பாக்ஸ் சீல் போய்விட்டது என்று நினைக்க வாய்ப்பிருக்கிறது. சொட்டுவதை விரலில் தொட்டு முகர்ந்து பாருங்கள். கூலன்ட்டுக்கு லேசான தித்திப்பு வாசனை உண்டு, பிசுபிசுப்பாக இருக்கும். எண்ணெய் அப்படி இருக்காது. இன்னொரு வம்பு, இந்த இன்ஜினில் ஸ்டார்ட்டர் மோட்டாரும் அதே பள்ளத்தில்தான் இருக்கிறது. நனைந்தால் அதுவும் கூடவே போகும்.

இதற்கு போர்ஷேயே பிறகு அலுமினியக் குழாய் கிட் கொண்டுவந்தது. அமெரிக்காவில் உரிமையாளர்கள் ஒன்றுசேர்ந்து ஓஹியோவில் உள்ள கூட்டாட்சி நீதிமன்றத்தில் வழக்கு நடத்தி, அது சமரசத்தில் முடிந்தது. ஆகவே இதெல்லாம் யாரோ கிளப்பிவிட்ட புரளி இல்லை.

விற்பவர் "பைப் மாத்தியாச்சு சார்" என்றால் ரசீது கேளுங்கள். ரசீது இல்லையா? டார்ச் அடித்து மேனிஃபோல்டின் அடியில் பாருங்கள். வெள்ளி நிறத்தில் மின்னினால் அலுமினியம். கறுப்பாகவோ பழுப்பேறியோ தெரிந்தால் பழைய பிளாஸ்டிக். மாற்றாத வண்டியை வாங்கக் கூடாது என்று சொல்லவில்லை. விலையில் அதைக் கழித்து, முதல் வேலையாக மாற்றிவிடுங்கள். குழாயின் விலையைவிட அதை எட்டுவதற்கான கூலிதான் அதிகம். அதனால் திறந்த கையோடு ஸ்டார்ட்டர், தெர்மோஸ்டாட், பின்பக்கம் இன்ஜினுக்கும் கேபினுக்கும் நடுவே உள்ள தடுப்பின் (ஃபயர்வால்) ஓரம் இருக்கும் 'டி' வடிவ பிளாஸ்டிக் இணைப்பு எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும். அந்த 'டி'யை மட்டும் விட்டுவிட்டு மூடினால், சில மாதத்தில் அது தன் வேலையைக் காட்டும்.

ஓடிக்கொண்டிருக்கும்போது பைப் வெடித்தால்?

ஓரங்கட்டி உடனே அணைத்துவிடுங்கள். "இன்னும் ரெண்டு கிலோமீட்டர்ல வீடு" என்ற நினைப்பே வேண்டாம். கூலன்ட் முழுக்கப் போய்விட்டால் சென்சரைச் சுற்றி நீர் இருக்காது. முள் நிஜ வெப்பத்தைக் காட்டும் என்று நம்ப முடியாது. அலுமினிய இன்ஜின், வளைந்தால் முடிந்தது.

957இல் அந்தப் பிரச்சினையைச் சரிசெய்துவிட்டார்களாமே?

அந்தப் பிரச்சினையைச் சரிசெய்தார்கள், பக்கத்திலேயே வேறொன்றை வைத்தார்கள். 4.8 வி8இல் குழாய் உலோகம்தான். ஆனால் சில இணைப்புகளைப் பசை வைத்து ஒட்டியிருக்கிறார்கள். சூடும் குளிரும் மாறி மாறிப் பட்டுப் பசை செத்துப்போனால், குழாய் கழன்று ஒரே மூச்சில் மொத்த கூலன்ட்டும் கொட்டிவிடும். 955இல் முதலில் சொட்டிக்கொண்டாவது இருக்கும், இதில் அந்த முன்னறிவிப்பும் கிடைக்காமல் போகலாம். கழன்ற குழாயை மறுபடி பசை போட்டு ஒட்டுவது வீண். வெல்டிங் வைப்பது, பின் அடித்துப் பூட்டுவது என்று செய்கிறார்கள். இரண்டில் எதுவானாலும் பரவாயில்லை, செய்திருக்க வேண்டும். 958இன் வி8உம் ஏறக்குறைய இதே ஜாதி.

காலையில் முதல் ஸ்டார்ட்டில் 'டிக் டிக்' சத்தம். சூடானதும் போய்விடுகிறது. விட்டுவிடலாமா?

கூடாது. வால்வு பக்கத்து சத்தமாக இருக்கலாம், எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு கசிவாக இருக்கலாம். ஆனால் 4.5 வி8இல், அதிலும் எஸ் மாடலில், சிலிண்டர் சுவர் கீறல் என்ற ஒன்று உண்டு. அதை முதலில் இல்லை என்று ஆக்கிக்கொள்ள வேண்டும்.

இந்த இன்ஜினில் சிலிண்டருக்குள் இரும்பு உறை (லைனர்) கிடையாது. சிலிக்கான் அதிகம் கலந்த அலுமினியத்திலேயே பிளாக்கை வார்த்து, மேற்பரப்பில் அலுமினியத்தைக் கொஞ்சம் அரித்து, கடினமான சிலிக்கான் துகள்கள் தலைநீட்டும்படி செய்திருப்பார்கள். பிஸ்டன் ஓடுவது அந்தத் துகள்களின் மேல்தான். பிஸ்டனின் பக்கவாட்டுப் பூச்சு தேய்ந்துவிட்டால் அலுமினியமும் அலுமினியமும் உரசும். அவ்வளவுதான், நேர்க்கோடாகக் கீறல் விழ ஆரம்பிக்கும். பனி நாடுகளில், குளிரில் ஸ்டார்ட் செய்து சூடேறும் முன்பே மிதித்து ஓட்டிய வண்டிகளில் இந்தப் புகார் அதிகம். சூடு நாட்டில் ஓடிய வண்டி என்பதால் மட்டும் பாஸ் போட்டுவிட முடியாது.

அடையாளம் மூன்று: குளிர்ந்த ஸ்டார்ட்டில் அந்த டிக் டிக், அடிக்கடி ஆயில் டாப்-அப், ஒரு பக்க சைலன்சர் குழாய் மட்டும் மற்றதைவிடக் கரியாக இருப்பது. விரலை உள்ளே விட்டுத் துடைத்துப் பாருங்கள், இரண்டு பக்கமும். வித்தியாசம் இருந்தால் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றி போர்ஸ்கோப் கேமராவை ஒவ்வொரு சிலிண்டருக்குள்ளும் இறக்கச் சொல்லுங்கள். பிஸ்டனைக் கீழே இறக்கிவைத்துவிட்டுப் பார்க்க வேண்டும். இல்லையென்றால் சுவரின் மேல்பகுதி மட்டும் தெரியும், அது எப்போதும் அழகாகத்தான் இருக்கும். எட்டு சிலிண்டரின் படமும் வேண்டும். "ரெண்டு பாத்தேன், நல்லாருக்கு" என்பது கணக்கில் சேராது.

கீறல் உறுதியானால், வேறு இன்ஜின் அல்லது புதிதாக லைனர் போடுவது. வண்டியின் விலையைவிடச் செலவு அதிகம். அந்த இடத்திலேயே கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

அப்படியானால் வி6 வாங்கினால் நிம்மதியா?

நிம்மதி என்று சொல்ல மாட்டேன், தலைவலி வேறு இடத்தில் இருக்கும். 3.2, 3.6 இரண்டும் ஃபோக்ஸ்வேகன் குடும்ப இன்ஜின். இவற்றில் வால்வுகளை நேரத்துக்கு இயக்கும் டைமிங் செயின் இன்ஜினின் பின்பக்கம், கியர்பாக்ஸ் பக்கமாக இருக்கிறது. செயின் நீண்டுவிட்டால் மாற்றுவதற்கு கியர்பாக்ஸை இறக்க வேண்டும். ஸ்கேனரில் கேம்ஷாஃப்ட் கோண விலகலைப் பார்த்தால் செயின் எந்த நிலையில் இருக்கிறது என்று தெரியும், வாங்குமுன் பாருங்கள். 3.6இல் வால்வு கவரோடு சேர்ந்த காற்றுப்போக்கி டயாஃப்ரம் கிழிந்து விசில் சத்தமும், ஐடிலில் நடுக்கமும் வரும். மெக்கானிக் பல இடம் தேடிவிட்டுத்தான் அங்கே வருவார். நீங்கள் முதலிலேயே சொல்லிவிடலாம்.

ஓட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. முதல் 3.2க்கு 250 குதிரைத்திறன், வண்டியோ இரண்டு டன்னுக்கு மேல். போர்ஷே என்ற பெயரை எதிர்பார்த்து ஏறினால் முகம் கொஞ்சம் சுருங்கும். 3.6 பரவாயில்லை.

முன் இருக்கைகளுக்கு நடுவே, தரைக்கு அடியிலிருந்து 'டப் டப் டப்' என்று யாரோ தட்டுகிற மாதிரி இருக்கிறது. என்ன அது?

பெரும்பாலும் ப்ரொப்பெல்லர் ஷாஃப்டின் நடு பேரிங். முன்னால் இருக்கும் கியர்பாக்ஸிலிருந்து பின் ஆக்ஸிலுக்குப் போகும் நீள ஷாஃப்டை நடுவில் ஒரு பேரிங் தாங்குகிறது. பேரிங்கைச் சுற்றி ஒரு ரப்பர் வளையம். கெடுவது பேரிங் இல்லை, அந்த ரப்பர். கிழிந்ததும் ஷாஃப்ட் தொங்கி, ஆக்ஸிலரேட்டர் மிதிக்கும்போதெல்லாம் தரையை அடிக்கும்.

முதல் தலைமுறையில் இது வராத வண்டி அபூர்வம். ரப்பரை மட்டும் தனியாக விற்காமல் முழு ஷாஃப்டையே கம்பெனி விற்றுவந்ததால், உரிமையாளர்கள் தாங்களே ஒரு வழி கண்டுபிடித்தார்கள். ஹீட்டர் ஹோஸைத் துண்டு போட்டு, கிழிந்த ரப்பரின் இடத்தில் திணித்து, கேபிள் டை போட்டு இறுக்குவது. பார்த்தால் சிரிப்பு வரும், ஆனால் பல வண்டி அப்படியே ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் ஓடியிருக்கிறது. இப்போது பேரிங் மட்டும் தனியாக வெளிச்சந்தையில் கிடைக்கிறது. வாங்கப்போகும் வண்டியில் இந்தச் சத்தம் இருந்தால் பயப்படாதீர்கள், பேரம் பேசுங்கள். விற்பவர் அதை கியர்பாக்ஸ் கோளாறு என்று நினைத்துப் பயந்துபோய் இருந்தால் இன்னும் நல்லது.

ஏர் சஸ்பென்ஷன் இருக்கும் வண்டி வேண்டாம் என்கிறார் மச்சான். சரியா?

மச்சான் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ஆனால் நன்றாக இருக்கும் ஏர் சஸ்பென்ஷனில் ஒருமுறை போய்ப் பார்த்தால் மச்சானும் மாறிவிடுவார்.

கெடும் விதம் எளிமையானது. ஏர் ஸ்பிரிங்கின் ரப்பரில் மயிரிழை வெடிப்பு விழும். காற்று மெல்லக் கசியும். உயரத்தைச் சரிக்கட்ட கம்ப்ரஸர் ஓயாமல் ஓடும். அதற்கென்று இருக்கும் ரிலே ஒட்டிக்கொண்டால் நிற்கவே நிற்காது. கடைசியில் கம்ப்ரஸர் வெந்துபோகும். அதாவது கம்ப்ரஸர் போய்விட்டது என்று வருகிற வண்டியில் கசிவு எங்கே என்று தேடாமல் புது கம்ப்ரஸர் மாட்டினால், அதையும் அந்தக் கசிவே கொன்றுவிடும். ரிலே சின்னத் தொகை, கூடவே மாற்றுங்கள்.

சோதனை இப்படி: சாயங்காலம் வண்டியை மேடுபள்ளம் இல்லாத இடத்தில் நிறுத்தி, டயருக்கும் ஃபெண்டருக்கும் நடுவே எத்தனை விரல் நுழைகிறது என்று நாலு மூலையிலும் அளந்துகொள்ளுங்கள். மறுநாள் காலையில் ஸ்டார்ட் செய்யாமல் மறுபடி அளவு எடுங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த மூலைதான். சோப்புத் தண்ணீர் தெளித்தால் குமிழி காட்டிக்கொடுக்கும்.

கியர்பாக்ஸ் ஆயில் வாழ்நாள் முழுக்க மாற்றத் தேவையில்லையாமே?

யாருடைய வாழ்நாள் என்று கேளுங்கள். முதல் தலைமுறையில் இருப்பது ஜப்பானின் ஐசின் செய்த ஆறு கியர் ஆட்டோமேட்டிக். அடிப்படையில் கெட்டியான பெட்டி. கெடுவது வால்வ் பாடி. ஆயிலைச் சின்னச் சின்ன வாய்க்கால்கள் வழியாக அனுப்பி கியர் மாற்றும் அலுமினியத் தட்டு அது. பழைய அழுக்கு ஆயிலில் துளைகள் தேய்ந்து, சின்ன கியர்களில் மாறும்போது முதுகில் ஒரு இடி விழும். பெட்டி முழுவதையும் திறக்க வேண்டும் என்பார்கள், அவசரப்பட்டுத் தலையாட்டாதீர்கள். வால்வ் பாடியை மட்டும் மாற்றிச் சரியான பெட்டிகள் ஏராளம். ஆயிலைச் சரியான ரகத்தில், பழைய முறைப்படி இறக்கி ஏற்றுங்கள்.

958 எடுத்தால் என்ன பார்க்க வேண்டும்?

டிரான்ஸ்ஃபர் கேஸ், அதாவது முன், பின் சக்கரங்களுக்கு விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி. 958இன் பெட்ரோல் வண்டிகளில் முன் சக்கரத்துக்கு விசை அனுப்ப எலெக்ட்ரானிக் கிளட்ச் ஒன்று வைத்தார்கள். ஆயில் கெட்டுப்போனால், மெதுவான வேகத்தில் லேசாக மிதிக்கும்போது வண்டி விக்கல் எடுக்கும். ரம்பிள் ஸ்டிரிப்பில் ஏறிய மாதிரி இருக்கும். ஆரம்பத்தில் பிடித்தால் ஆயில் மாற்றியே தணியலாம். முற்றிவிட்டால் கேஸையே மாற்ற வேண்டும். இந்த விஷயத்தில் 958 டீசல் கொடுத்துவைத்தது. அதில் பழைய பாணி மெக்கானிக்கல் சென்டர் டிஃபரென்ஷியல்தான், அந்தக் கிளட்ச் இல்லை.

செக் இன்ஜின் விளக்கு சிமிட்டுகிறது, வண்டி குலுங்குகிறது.

பெரும்பாலும், பிளக்குக்கு மின்பொறி கொடுக்கும் இக்னிஷன் காயிலில் விரிசல். சூட்டில் மேல் பிளாஸ்டிக் வெடித்துவிடும், ஈரம் பட்டால் அடம்பிடிக்கும். ஸ்கேனர் எந்த சிலிண்டர் என்று சொல்லும், அந்தக் காயிலைப் பக்கத்து சிலிண்டருக்கு மாற்றிப் பார்த்தால் உறுதியாகிவிடும். எல்லாவற்றையும் பிளக்கோடு சேர்த்து மாற்றிவிடுவதே மிச்சம். விளக்கு சிமிட்டும்போது தொடர்ந்து ஓட்டினால் எரியாத பெட்ரோல் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வர்ட்டரைத் தின்றுவிடும்.

டேஷ்போர்டில் ஒரே நேரத்தில் ஏழெட்டு எச்சரிக்கை விளக்கு எரிகிறது. எலெக்ட்ரிக்கல் மொத்தமும் போய்விட்டதா?

முதலில் பேட்டரியைப் பாருங்கள். வோல்டேஜ் கொஞ்சம் இறங்கினாலே இந்த வண்டியில் ஒவ்வொரு மாட்யூலும் தனித்தனியாகப் புலம்ப ஆரம்பித்துவிடும். பானெட்டுக்குள் தேடாதீர்கள், பேட்டரி முன் இருக்கைக்கு அடியில். இருக்கையைச் சாய்க்கத்தான் வேலை. மாற்றும்போது வெளியே வாயு போகும் சின்னக் குழாயை மறக்காமல் மாட்டச் சொல்லுங்கள். பேட்டரி இருப்பது நீங்கள் உட்காரும் அறைக்குள் அல்லவா.

காருக்குள் ஈர வாசனை. ஏசியா?

ஏசியாகவும் இருக்கலாம். ஆனால் மேல்மூடியின் வடிகுழாய்களையும், விண்ட்ஷீல்டுக்குக் கீழே தண்ணீர் விழும் தொட்டியின் வடிகால்களையும் முதலில் பாருங்கள். தூங்குமூஞ்சி மரத்தடியிலும் புங்கமரத்தடியிலும் நிறுத்திய வண்டி என்றால் சொல்லவே வேண்டாம். அந்தப் பொடி இலையும் பூவும் சேர்ந்து ஒரே மழையில் களிமண்போல அடைத்துவிடும். நிரம்பிய தண்ணீர் கேபின் ஃபில்டர் பக்கமாகவோ தூண் வழியாகவோ உள்ளே இறங்கி, கார்ப்பெட்டுக்கு அடியில் இருக்கும் தடித்த ஃபோமில் தேங்கும். மேலே கை வைத்தால் காய்ந்திருக்கும். ஓரத்தைத் தூக்கிப் பிழிந்தால்தான் தெரியும். வயரிங் ஓடுவது அந்த ஃபோமுக்குள்தான்.

வெள்ளத்தில் மூழ்கிய வண்டியா என்ற சந்தேகமும் இங்கேயே வர வேண்டும். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் எத்தனை பேஸ்மென்ட் மூழ்கியது என்று நினைத்துப் பாருங்கள். சீட் பெல்ட்டை முடிவுவரை இழுங்கள். உள்ளே சுருண்டிருந்த பகுதியில் மண்கோடு இருந்தால், எவ்வளவு பாலிஷ் போட்டிருந்தாலும் அந்த வண்டி குளித்திருக்கிறது. இருக்கைத் தண்டவாளத்தின் போல்ட்டுகளில் துருவும் இருக்கும்.

டீசல்?

நீளப் பயணம் போகிறவருக்கு நல்ல வண்டி. ஸ்கூலுக்கும் மார்க்கெட்டுக்கும் மட்டும் எடுத்தால், புகைத்தூளைப் பிடிக்கும் ஃபில்டர் சூடாகித் தன்னைச் சுத்தம் செய்துகொள்ள வாய்ப்பே இல்லாமல் அடைத்துக்கொள்ளும். இன்டேக் மேனிஃபோல்டின் மடல்கள் கரியேறித் தளர்ந்து எரர் காட்டுவதும் வழக்கம்.

சோதனையில் மட்டும் புகையைக் குறைத்துக் காட்டிய ஃபோக்ஸ்வேகன் குழுமத்தின் மாசு மோசடி பற்றியும் கேட்கிறார்கள். 2015 நவம்பரில் அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை அந்தப் புகாரில் 3.0 டீசல்களையும் சேர்த்தபோது கயெனும் அதில் இருந்தது. 2017 ஜூலையில் ஜெர்மன் போக்குவரத்து அமைச்சகம் ஐரோப்பாவில் சுமார் 22,000 கயென் டீசல்களைத் திரும்ப அழைக்க உத்தரவிட்டது. 2018இல் போர்ஷே டீசலையே விட்டுவிட்டது.

ரீகால் எதுவும் உண்டா?

2016 மார்ச்சில் ஒன்று பெரியது. 2011 முதல் 2016 வரையிலான கயென், டூவாரெக் இரண்டும் சேர்ந்து ஏறக்குறைய எட்டு லட்சம் வண்டி. பெடல் தாங்கியில் ஒரு சின்ன வளையக் கிளிப் கழன்றுவிடலாம் என்பதற்காக. தொடக்க வருஷ 958 வி8களுக்குக் கேம்ஷாஃப்ட் அட்ஜஸ்டர் போல்ட் தளர்வதற்காகவும் ரீகால் வந்தது. சேஸிஸ் எண்ணைக் கொடுத்தால் ஷோரூமில் பார்த்துச் சொல்வார்கள், காசு கேட்க மாட்டார்கள்.

"வெறும் 40,000 கிமீதான் ஓடியிருக்கு, ஒரே ஓனர்." இதை எடுத்துவிடவா?

எனக்கு 40,000 ஓடியதைவிட, 1,30,000 ஓடி ஒரு கத்தை ரசீது வைத்திருக்கும் வண்டிதான் பிடிக்கும். மேலே சொன்ன பட்டியலைத் திரும்பப் பாருங்கள். பிளாஸ்டிக் குழாய், பசை, ரப்பர் வளையம், ஏர் ஸ்பிரிங். இதில் எதுவும் கிலோமீட்டர் பார்த்துக் கெடுவதில்லை, வருஷம் பார்த்துக் கெடுகிறது. போர்ட்டிகோவில் கவர் போட்டு நின்ற வண்டியிலும் ரப்பருக்கு அதே வயசுதான். ஓடிய வண்டியில் அவை உடைந்து, மாற்றப்பட்டு இருக்கும். நின்ற வண்டியில் எல்லாம் உங்களுக்காகக் காத்துக்கொண்டிருக்கும்.

டெல்லி வண்டி மலிவாக வருகிறதே?

தலைநகர் வட்டாரத்தில் டீசலுக்குப் பத்து வருஷம், பெட்ரோலுக்குப் பதினைந்து வருஷம் என்று வரம்பு வைத்ததும் அங்கிருந்து கயென்கள் தெற்கே இறங்க ஆரம்பித்தன. வண்டி நல்லதாகவே இருக்கலாம். விலையை ஒப்பிடுமுன் தமிழ்நாட்டுச் சாலை வரி, பழைய ஆர்டிஓ தரும் தடையில்லாச் சான்று (என்ஓசி), மறுபதிவு எல்லாவற்றையும் கூட்டிக்கொள்ளுங்கள். என்ஓசி கையில் வரும்முன் முழுப் பணம் கொடுக்காதீர்கள்.

வயசையும் பாருங்கள். பதினைந்து தாண்டிய காரின் பதிவைப் புதுப்பிக்க 2022 ஏப்ரலிலிருந்து 5,000 ரூபாய், இறக்குமதி வண்டி என்ற கணக்கில் வந்தால் 40,000. 2025 ஆகஸ்டில் வந்த திருத்தப்படி இருபது வருஷம் தாண்டினால் அதுவே 10,000, 80,000. 2004, 2005 கயென் எல்லாம் இப்போது அந்த வரிசையில்தான் நிற்கின்றன.

பார்க்கப் போகும் நாளில் என்ன செய்வீர்கள்?

முதல் நாளே போனில் சொல்லிவிடுவேன்: "நான் வர்ற வரைக்கும் ஸ்டார்ட் பண்ணாதீங்க." போனதும் முதல் வேலை, பானெட்டில் உள்ளங்கையை வைப்பது. ஒருமுறை காலை ஏழு மணிக்கு ஒரு டீலரிடம் போய்க் கை வைத்தால் இட்லிச் சட்டி மாதிரி சுட்டது. "வெயில் சார்" என்றார். ஷெட்டுக்குள் நின்ற வண்டி. டீயைக் குடித்துவிட்டு வந்துவிட்டேன்.

குளிர்ந்திருந்தால், பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு இன்னொருவரை ஸ்டார்ட் செய்யச் சொல்லிக் காது கொடுப்பேன். பிறகு ஏர் சஸ்பென்ஷனை மேலே, கீழே. நாலு கதவையும் ரிமோட்டில் பூட்டித் திறந்து, ஒவ்வொன்றும் தனித்தனியாகப் பூட்டுகிறதா என்று இழுத்துப் பார்ப்பேன், ஏனென்றால் பூட்டுக்குள் இருக்கும் மைக்ரோசுவிட்ச் சாகும். கடைசியில் அரைமணி நேர ஓட்டம், நகரத்தில் பாதி, பைபாஸில் பாதி. திரும்பி வந்ததும் அடியில் ஒரு அட்டைப்பெட்டியைப் பிரித்துப் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் காகிதங்களைப் புரட்டுவேன். அட்டையில் என்ன சொட்டியிருக்கிறது என்பது அதற்குள் தெரிந்துவிடும்.

இன்ஜின் புதுசு மாதிரி பளபளவென்று கழுவித் துடைத்து ஸ்பிரே அடித்து வைத்திருந்தால் எனக்குச் சந்தேகம்தான் வரும். மெல்லிய தூசி படிந்த இன்ஜினில்தான் கசிவின் தடம் தெரியும்.

என்ன ஸ்கேனர் வேண்டும்? சாதாரண ஓபிடி போதாதா?

ஆயிரம் ரூபாய் ப்ளூடூத் ஸ்கேனர் இன்ஜின் எரரை மட்டும் படிக்கும். சஸ்பென்ஷன், டிரான்ஸ்ஃபர் கேஸ், ஏர்பேக் எல்லாம் பேச வேண்டும் என்றால் டியூராமெட்ரிக் மாதிரி போர்ஷேக்கென்றே இருக்கும் ஒன்று வேண்டும். அது வைத்திருக்கிற சுயாதீன மெக்கானிக்கை முதலில் கண்டுபிடியுங்கள், வண்டியை அப்புறம் தேடலாம்.

எந்த பெட்ரோல் போடுவது?

டர்போவுக்கு 98 ஆக்டேன் என்று எழுதியிருக்கிறது. சாதாரண பெட்ரோலிலும் ஓடும், நாக் சென்சர் இக்னிஷனைப் பின்னுக்குத் தள்ளிச் சமாளிக்கும், சக்தி குறையும். மலையேற்றத்திலும் முழு மிதியிலும் இன்ஜினை அப்படி வாட்ட வேண்டாம்.

ஒரு டயர் மட்டும் வெடித்துவிட்டது. ஒன்று மட்டும் மாற்றலாமா?

நாலு சக்கரமும் இழுக்கிற வண்டி. ஒன்று மட்டும் புதுசாக, மற்ற மூன்றும் வழவழவென்று தேய்ந்திருந்தால் உருளும் சுற்றளவு மாறி, டிரான்ஸ்ஃபர் கேஸ் நாள் முழுக்க அந்த வித்தியாசத்தை விழுங்கிக்கொண்டே இருக்கும். மற்றவை பாதிக்கு மேல் தேய்ந்திருந்தால் நாலையும் மாற்றுங்கள். புதுசாகவே இருந்தால் அதே பிராண்டு, அதே மாடலில் ஒன்று போதும். 21 இன்ச் வீலோடு வரும் வண்டியை வாங்குமுன், அந்த அளவு டயர் உங்கள் ஊரில் என்ன விலை என்று ஒரு போன் போட்டுக் கேட்டுவிடுங்கள். 18 இன்ச் வீலோடு நிற்கும் வண்டி பார்க்கச் சாதுவாக இருக்கும், ஆனால் நம்ம ரோட்டுக்கு அதுதான்.